பிழை ஏற்கும் நெஞ்சே பெருங்கோயில்

(திருவிழாவையொட்டி ஆலய மண்டபத்தில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருக்கோயிலில் பூசை நிறைவுறும் வேளையில் சிவாசாரியார் இறைவன் திருமுன் ஒரு விண்ணப்பம் செய்கிறார். தீபாராதனை முடிந்து, அன்பர்கள் திருநீற்றுக்காகக் கைநீட்டும் நேரம் அது. அதனால் அந்த விண்ணப்பம் பலருடைய செவியில் விழுவதில்லை. மந்திரத்தில் குறை நேர்ந்திருக்கலாம், கிரியையில் குறை நேர்ந்திருக்கலாம், பக்தியில் குறை நேர்ந்திருக்கலாம், அவை அனைத்தையும் பொறுத்து இப்பூசையை நிறைவுடையதாக ஏற்றருள வேண்டும் என்பதே அதன் கருத்து.

இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். இவ்விண்ணப்பத்தைச் செய்பவர் இளமை முதல் ஆகமம் பயின்றவர். முறைப்படி தீட்சை பெற்றவர். ஆயிரக்கணக்கான முறை அதே பூசையைச் செய்தவர். அவர் "யான் செய்தது முற்றும் சரி" என்று கூறிக் கருவறையை விட்டு வெளிவருவதில்லை. "தவறியிருக்கக் கூடும்" என்று கூறியே வெளிவருகிறார்.

நாள்தோறும் கேட்கும் மன்னிப்பு போதாதென்று, ஆண்டுக்கொரு முறை பவித்திரோற்சவம் என்னும் விழாவையும் ஆகமங்கள் விதித்திருக்கின்றன. ஓராண்டுக் காலப் பூசையில் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகளுக்குக் கழுவாயாக அவ்விழா நடைபெறுகிறது. பிழை நேரவே நேராது என்று ஆகமம் வகுத்த பெரியோர் எண்ணியிருப்பார்களானால், இப்படியொரு விழாவை விதித்திருக்க மாட்டார்கள்.

ஆகவே, பிழை நேரக் கூடும் என்று ஒப்புக்கொள்ளுதல் நம் வழிபாட்டிற்குப் புறம்பானதன்று. அது வழிபாட்டின் ஓர் உறுப்பு. கருவறைக்குள் இவ்வளவு தெளிவாக விளங்கும் இந்த உண்மை, கோயில் வாயிலைக் கடந்து வெளியே வந்ததும் மறந்து போகிறது. சமயத்தைப் பற்றிப் பேசும்போது, எழுதும்போது, வாதிடும்போது, "என் கருத்தில் பிழை இருக்க இயலாது" என்னும் உறுதி எங்கிருந்தோ வந்து புகுந்து கொள்கிறது. அந்த உறுதியால் விளையும் தீமையைப் பற்றியதே இச்சொற்பொழிவு.

நக்கீரர் கதையின் மறுபாதி

மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் தருமி கொண்டுவந்த பாடலில் நக்கீரர் பொருட்குற்றம் கண்ட வரலாற்றை அறியாத தமிழர் இல்லை. மேடையிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் அக்காட்சியைக் கண்டு மகிழாதவர் இல்லை. இறைவனே எதிரில் வந்து நின்று நெற்றிக்கண்ணைத் திறந்த போதும் அஞ்சாது குற்றத்தைக் குற்றம் என்று உரைத்த புலவரின் துணிவு போற்றத் தக்கதே.

ஆனால், கூறுகின்றவர்கள் பெரும்பாலும் கதையை அவ்விடத்திலேயே நிறுத்தி விடுகிறார்கள். திருவிளையாடற் புராணம் அங்கே நிறுத்தவில்லை. பெண்களின் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை என்பது நக்கீரரின் கொள்கை. அக்கொள்கையை அவர் மானிட மகளிரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தேவ மகளிர் கூந்தலுக்கும் இல்லை என்றார். இறுதியில் உமையம்மையின் திருக்கூந்தலுக்கும் இல்லை என்றார். தாம் கண்டறிந்த ஒன்றிலிருந்து, காணவும் அறியவும் இயலாத ஒன்றிற்குத் தாவிச் சென்று, அங்கும் அதே உறுதியோடு தீர்ப்பளித்தார். அறிந்ததை அறிந்தது என்று சொல்வது புலமை. அறியாததையும் அறிந்தது போலச் சொல்வது செருக்கு. இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லையை அவர் கடந்த இடம் அது.

பின்னர் அவர் பொற்றாமரைக் குளத்தில் வீழ்ந்ததும், உடனிருந்த புலவர்கள் இறைவனிடம் வேண்டியதும், கரையேறிய நக்கீரர் தம் பிழையை உணர்ந்து பாடிப் பணிந்ததும் புராணத்தில் தொடர்கின்றன. அதற்கும் அடுத்து, இறைவன் ஏவலின்படி அகத்திய முனிவர் அவருக்கு இலக்கணம் கற்பித்த செய்தியும் ஒரு தனிப் படலமாகவே அமைந்துள்ளது. பிறர் பாடலைத் தூக்கிப் பார்த்துத் தீர்ப்பளித்த தலைமைப் புலவர், மீண்டும் மாணாக்கராகி அமர்ந்து பாடம் கேட்கிறார்!

நக்கீரரின் துணிவு அவருடைய பெருமையில் பாதியே. அவருடைய பணிவு மற்றப் பாதி. முதற் பாதியை மட்டும் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், பிறர் குற்றத்தைக் காணக் கற்றுக்கொள்வார்கள். தம் குற்றத்தை ஏற்கக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

சுட்டிக்காட்டிய விரல்

சைவ சித்தாந்தம் உயிரை எவ்வாறு விளக்குகிறது? முற்றும் உணர்ந்தவன் இறைவன் ஒருவனே, உயிர் சிற்றறிவுடையது, அறிவிக்க அறிவது. உயிரின் அறிவை ஆணவ மலம் மறைத்து நிற்கிறது. இம்மலத்தை இருளோடு ஒப்பிட்டு உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறார். புறத்தே உள்ள இருள் மற்றப் பொருள்களைத் தான் மறைக்கும், தன்னை மறைப்பதில்லை. இருட்டில் நிற்பவனுக்குத் தான் இருட்டில் நிற்பது தெரியும். ஆணவமோ பொருளையும் மறைக்கும், தன்னையும் காட்டாது. அதில் அகப்பட்டவன் தான் வெளிச்சத்தில் நிற்பதாகவே எண்ணிக்கொண்டிருப்பான்.

இதைவிடத் தெளிவாக இக்குற்றத்தை விளக்க முடியுமா? தன் கருத்தில் பிழை இருக்கவே முடியாது என்று கருதுபவனுக்கு, அப்படிக் கருதுவது ஒரு குற்றம் என்று தோன்றுவதில்லை. அதுவே பக்தி என்றும், அதுவே சமயப் பற்று என்றும் அவனுக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சான்றாகச் சித்தாந்த ஆசிரியர்களின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி போற்றப்பட்டு வருகிறது. திருத்துறையூரில் வாழ்ந்த ஆசாரியர் ஒருவர் ஆகமங்கள் அனைத்திலும் வல்லவர் என்பதால் சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றிருந்தார். மெய்கண்டாரின் தந்தையாருக்கு அவரே குலகுரு. மெய்கண்டார் இளம் பருவத்திலேயே திருவெண்ணெய்நல்லூரில் ஞானநூல் உபதேசித்து வந்தார். தம் மாணாக்கர்களும் அங்கே செல்லக் கண்ட பண்டிதர், தாமே நேரில் சென்று பார்க்கப் புறப்பட்டார். அவர் சென்ற வேளையில் மெய்கண்டார் ஆணவ மலத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். நின்றவாறே பண்டிதர் ஆணவத்தின் வடிவம் யாது என வினவினார். மெய்கண்டார் ஒன்றும் பேசவில்லை. நின்றுகொண்டிருந்த அவரையே சுட்டிக் காட்டினார்.

அந்தக் கணத்தில் பண்டிதருக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. "இச்சிறுவன் என்னை அவமதித்தான்" என்று சினந்து திரும்பியிருக்கலாம். வயதும் கல்வியும் குலகுரு என்னும் நிலையும் அவருக்குத் துணையாக இருந்தன. ஊரும் அவர் பக்கமே நின்றிருக்கும். அவர் அவ்வழியை விடுத்தார். இளையவர் திருவடியில் வீழ்ந்து மாணாக்கரானார். அருணந்தி சிவாசாரியார் என்னும் பெயரோடு சிவஞான சித்தியாரை அருளிச் செய்தார். அன்று அவர் தம் பிழையை ஏற்காதிருந்தால், சைவ உலகம் அந்நூலை இழந்திருக்கும். ஒரு மனிதர் "யான் தவறினேன்" என்று உணர்ந்ததன் பயனாக ஒரு பெருநூல் கிடைத்தது.

அருட்பாவும் மருட்பாவும்

புராண காலத்தையும் மெய்கண்டார் காலத்தையும் விட்டு, அண்மைக் காலத்திற்கு வருவோம். பிழை ஏற்க மறுக்கும் உறுதியால் நம் சமயத்திற்குள்ளேயே விளைந்த ஒரு பெரும் பிணக்கு, இன்றும் நினைந்து பார்க்கத் தக்க படிப்பினையைத் தருகிறது.

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆறுமுக நாவலர். சிதம்பரத்திற்கு அருகேயுள்ள மருதூரில் 1823-ஆம் ஆண்டு பிறந்தவர் இராமலிங்க அடிகளார். ஏறத்தாழ ஒத்த வயதினர். இருவரும் சைவப் பெருங்குடியினர். இருவரும் தமிழில் ஆழ்ந்தவர். இருவரும் தில்லைக் கூத்தனிடத்தில் நெஞ்சைப் பறிகொடுத்தவர்.

நாவலர் செய்த தொண்டு அளவிடற்கரியது. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரிடம் இருந்து விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் துணை புரிந்தவர், அவ்வேலையை விட்டு, 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்கென்று பாடசாலை நிறுவினார். அச்சகம் அமைத்தார். பெரியபுராணத்தை எளிய உரைநடையில் தந்தார். சைவ வினாவிடை எழுதினார். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து குடியேறிய சைவர்கள் கோயில் எடுத்ததும், பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி தந்ததும் அவர் காட்டிய வழியை ஒட்டியே ஆகும்.

இராமலிங்க அடிகளாரின் அருளுள்ளமும் அளவிடற்கரியது. 1867-ஆம் ஆண்டு வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் பசித்தவர்களுக்காக எரிந்துகொண்டிருக்கிறது. 1872-ஆம் ஆண்டு தைப்பூச நாளில் அவர் அங்கே சத்திய ஞான சபையைத் திறந்தார்.

அதே 1867-ஆம் ஆண்டில் அவருடைய பாடல்களைத் தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுத்து நான்கு திருமுறைகளாக வெளியிட்டார். நூலுக்குத் "திருவருட்பா" என்று பெயரிட்டார். பாடியவருக்குத் "திருவருட்பிரகாச வள்ளலார்" என்னும் சிறப்புப் பெயரையும் அளித்தார். அடிகளாரோ தம் பெயரோடு "சாமி" என்று சேர்ப்பது கூட ஆரவாரமாகும் என்று கருதித் தம் அன்பர்க்குக் கடிதம் எழுதியவர். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது, பிணக்கும் தொடங்கிவிட்டது.

அருட்பா என்பதும் திருமுறை என்பதும் பன்னிரு திருமுறைகளுக்கே உரிய பெயர்கள் என்று நாவலரும் அவரைச் சார்ந்தோரும் கண்டித்தனர். இதில் நாவலர் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிற சமயத்தாரின் பிரசாரம் ஓங்கியிருந்த காலத்தில், சைவத்தின் வேலியைத் தனி ஒருவராக நின்று காத்தவர் அவர். திருமுறையின் எல்லை குழம்பிவிட்டால் சமயமே குழம்பிவிடும் என்று அஞ்சினார். அவர் எழுப்பிய வினா பிழையன்று. வினா வினாவாகவே நின்றிருந்தால், அறிஞர்கள் கூடி ஆராய்ந்திருப்பார்கள்.

அது வினாவாக நிற்கவில்லை. ஒரு பக்கத்தார் "இவை அருட்பாவே அல்ல, மருட்பா" என்றனர். மறுபக்கத்தாரும் அதே வேகத்தில் திருப்பித் தாக்கினர். கண்டன நூல்களும் அவற்றிற்கு மறுப்பு நூல்களும் மறுப்புக்கு மறுப்பு நூல்களும் அச்சாகி வந்தன. இருபுறத்தும் எழுதியவர்கள் வசைச் சொற்களை வாரி இறைத்தனர். சிவபெருமானின் பெயரைச் சொல்லிக் காப்புக் கூறித் தொடங்கிய நூல்களில், சிவனடியார் ஒருவரை மற்றொரு சிவனடியார் வாயில் வந்தவாறு ஏசினார். 1869-ஆம் ஆண்டு இப்பிணக்கு கடலூரை அடுத்த மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. நாவலர் தொடுத்த அவதூறு வழக்கில் இராமலிங்க அடிகளாரும் எதிரியாக நிறுத்தப்பட்டார். அவர் மீதான குற்றச்சாட்டு நிலைக்கவில்லை.

சைவத்தின் இரு கண்கள் போன்ற பெரியோர் இருவரின் வழக்கை, சைவத்தின்பால் எந்தப் பற்றும் இல்லாத அந்நிய அரசின் நீதிமன்றம் விசாரிக்க நேர்ந்தது என்பதே இதில் பெரும் வேதனை.

ஒரு செய்தியை இருதரப்பாரும் ஆறியிருந்து எண்ணியிருக்கலாம். திருமுறை என்பது ஒரே நாளில் பன்னிரண்டாக வகுக்கப்பட்டதன்று. நம்பியாண்டார் நம்பிகள் தொகுத்ததில் நம்பிகளின் நூல்களே பதினோராம் திருமுறையில் இடம் பெற்றுள்ளன. அதன் பிறகு சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறையாயிற்று. பதினொன்றோடு கதவு அடைபட்டுவிட்டது என்று அன்று ஒருவர் உறுதியாக நின்று வென்றிருந்தால், நாவலர் பெருமான் வாழ்நாள் முழுவதும் போற்றிய பெரியபுராணத்திற்கே திருமுறையில் இடம் கிடைத்திராது. இதனால் அடிகளாரின் பாடல்களும் திருமுறையாகவே கொள்ளப்பட வேண்டும் என்பது முடிவன்று. "இனி ஒருபோதும் இல்லை" என்று உறுதி கூறும் அதிகாரம் எவரிடத்தும் இல்லை என்பதே முடிவு.

தம் பழைய கருத்தைத் தாமே கடந்தவர்

இப்பிணக்கின் நடுவே நின்ற அடிகளார், பிழை ஏற்பதில் ஒரு பெரும் முன்மாதிரியாக விளங்கினார். 1873-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் கொடி ஏற்றி அவர் ஆற்றிய உரையைப் பேருபதேசம் என்பர். அதில் அவர் தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்று இவ்வளவு என்று சொல்ல இயலாதது என்றும், தாம் அக்காலத்தில் பாடிய பாடல்களே அதற்குச் சான்று என்றும் குறிப்பிட்டார். அப்போது தமக்கு அறிவு அற்பமாக இருந்தது என்று அன்பர்கள் முன்னிலையில் வெளிப்படையாகவே கூறினார்.

அவர் இறுதியில் வந்தடைந்த முடிவை ஏற்பவர்களும் உண்டு; ஏற்காத சைவர்களும் உண்டு. அது அவரவர் உள்ளத்திற்கு உரியது. ஆயினும் ஒன்றைக் கட்சி கடந்து அனைவரும் வியக்கலாம். தெய்வமாகவே தம்மைக் கருதிய அடியார் கூட்டத்தின் நடுவில் நின்று, "என் பழைய அறிவு சிறிது" என்று கூறுவதற்கு எவ்வளவு பெரிய உள்ளம் வேண்டும்! தம் பாடலைப் பிறர் குறைத்துப் பேசிய போது சினந்தவர்கள் அவருடைய அன்பர்கள். அவரோ தம் பழைய நிலையைத் தாமே அளந்து பார்த்தார்.

குருவை விடாது பிழையை விட்டவர்

அடிகளாரும் நாவலரும் மறைந்த பின்னரும் பிணக்கு ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சியின் தலைவராகச் சென்னையில் முழங்கினார். அருட்பாவின் பக்கத்தில் மறைமலை அடிகளும், நாஞ்சில் நாட்டு இசுலாமியப் பெரும்புலவர் செய்குத்தம்பிப் பாவலரும் நின்று வாதிட்டனர். முருகனையும் சிவனையும் பாடிய பாடல்களுக்காக ஓர் இசுலாமியர் மேடையேறிப் பேசினார் என்பது, பல சமயத்தவர் சேர்ந்து வாழும் மலேசிய, சிங்கப்பூர் மக்கள் நினைவில் வைக்கத் தக்கது.

கதிரைவேற் பிள்ளையின் மாணாக்கர்களுள் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். ஆசிரியர் மீது 1904-ஆம் ஆண்டு வழக்கு நடந்தபோது அவர் பள்ளி மாணவர். ஆசிரியருக்காகச் சாட்சி சொல்ல நீதிமன்றம் சென்றார். அதனால் பள்ளித் தேர்வையும் இழந்தார். இளமையின் முழு வேகத்தோடு தம் ஆசிரியர் கட்சியே சரியென்று நம்பினார்.

காலம் சென்றது. அவர் அடிகளாரின் பாடல்களைக் கட்சிக் கண்ணாடி இல்லாமல் படித்தார். படித்ததன் பயனாக உள்ளம் மாறியது. 1929-ஆம் ஆண்டு "இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம்" என்னும் நூலை எழுதி வெளியிட்டார். எந்தப் பெருமானுக்கு எதிரான கட்சிக்காகத் தம் தேர்வையே இழந்தாரோ, அப்பெருமானின் உள்ளத்தைத் தமிழருக்கு எடுத்துக் காட்டினார். தம் இளமைக் காலச் சார்பையும் பின்னர் நேர்ந்த மாற்றத்தையும் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் மறைக்காது பதிவு செய்தார்.

அதற்காக அவர் தம் ஆசிரியரை இகழ்ந்தாரா என்றால், இல்லை. ஆசிரியர் மறைந்த பின் 1908-ஆம் ஆண்டு அவருடைய வரலாற்றை எழுதியவரும் திரு.வி.க.வே. தமிழும் சைவமும் தந்த குருவிடத்து அவர் கொண்ட நன்றி இறுதி வரை குறையவில்லை. பிழையை விட்டார், குருவை விடவில்லை. கருத்து மாறினால் உறவு முறிந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு இவ்வரலாறு ஓர் ஆறுதல்.

ஐயம் பக்திக்குப் பகையா?

இங்கே சிலர் ஒரு வினாவை எழுப்பக் கூடும். "தவறியிருக்கலாம், தவறியிருக்கலாம் என்று எப்போதும் எண்ணிக்கொண்டிருந்தால் பக்தி எப்படி நிலைக்கும்? இளைஞர்கள் சமயத்தை விட்டே போய்விட மாட்டார்களா? உறுதி இல்லாத சமயம் மணல் மேல் கட்டிய கோயில் ஆகாதா?"

நியாயமான வினாவே. விடை காண, இரண்டு உறுதிகளை வேறு பிரித்து அறிய வேண்டும். இறைவன் மீது வைக்கும் உறுதி ஒன்று. இறைவனைப் பற்றித் தான் கொண்டிருக்கும் கருத்தின் மீது வைக்கும் உறுதி மற்றொன்று. முதலாவது பக்தி. இரண்டாவது, பக்தியின் ஆடையை உடுத்து வரும் ஆணவம். இரண்டும் வெளியே பார்ப்பதற்கு ஒன்று போலவே தோன்றும். ஒரே திருநீறு, ஒரே உருத்திராக்கம், ஒரே உரத்த குரல். ஆனால் சோதனை வரும்போது வேறுபாடு விளங்கிவிடும். இறைவன் மீது உறுதி உள்ளவன், தன் கருத்து பிழையென்று தெரிந்ததும் கலங்க மாட்டான். பிழை போனது நன்று என்று மகிழ்வான். தன் கருத்தின் மீது உறுதி வைத்தவனோ, அது ஆட்டம் கண்டதும் சினம் கொள்வான். சினம் எழுகிறதா என்பதே அளவுகோல்.

திருநாவுக்கரசர் பெருமானின் வாழ்வு இதற்குச் சான்று. மருணீக்கியார் சமண சமயம் புகுந்து, தருமசேனர் என்னும் பெயரில் அங்கே தலைமை நிலையும் பெற்றவர். தலைமை பெற்ற பின், தாம் சென்ற வழி தமக்கு உரியதன்று என்று உணர்ந்து, தமக்கையார் திலகவதியார் இருந்த திருவதிகைக்குத் திரும்பி வந்தார். கழிந்து போன காலத்தை அவர் மறைக்கவில்லை. தம் பதிகங்களில் மீண்டும் மீண்டும் நினைந்து உருகினார். பிழையை ஏற்றது அவருடைய பக்தியைக் குலைக்கவில்லை. அந்த உருக்கத்திலிருந்தே அவருடைய தேவாரம் பிறந்தது.

நம் கோயில்களில்

சமய உறுதியினால் வரும் கேடு பெரிய புலவர்களுக்கும் பெரிய வழக்குகளுக்கும் மட்டும் உரியதன்று. சிறிய அளவில் அது ஒவ்வொரு திருக்கோயிலிலும் தலைகாட்டுகிறது.

பஞ்சாங்கத்தை எடுத்துக்கொள்வோம். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய வாக்கியக் கணக்கின்படி அமைவது. திருக்கணிதப் பஞ்சாங்கம் வானியல் திருத்தங்களைச் சேர்த்துக் கணிப்பது. இரண்டிற்கும் திதியும் நட்சத்திரமும் சில நாழிகை வேறுபடும். மேலும், தமிழ்நாட்டுக் கடிகாரத்திற்கும் மலேசிய, சிங்கப்பூர்க் கடிகாரத்திற்கும் இரண்டரை மணி நேர வேறுபாடு இருக்கிறது. அங்கே கணித்த நேரத்தை இங்கே எப்படிக் கொள்வது என்னும் கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இதனால் ஒரு விழா ஒரு கோயிலில் ஒரு நாளும் அடுத்த கோயிலில் மறுநாளும் வருவதுண்டு. இது கணக்கு வேறுபாடு. அமர்ந்து பேசினால் தீரும், தீராவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். "மறுநாள் கொண்டாடுபவன் சாத்திரம் அறியாதவன்" என்று ஒருவர் வாய் திறக்கும் போதுதான் கணக்கு வேறுபாடு குலப்பகையாக மாறுகிறது.

இதைவிடப் பெரிய படிப்பினை மதுரையில் கிடைத்தது. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர், தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளி வைக்கப்பட்டிருந்த அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்று வழிபட்டார். கோயில் தீட்டுப்பட்டது என்று கூறிப் பூசை செய்ய மறுத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்று கருதிவிட வேண்டாம். சாத்திரத்தைக் காக்கிறோம் என்றே அவர்களுள் பலர் உளமார நம்பினர். உளமார நம்பியதால் அது சரியாகிவிடவில்லை. அங்கயற்கண்ணியின் திருமுன் நிற்க அவள் பிள்ளைகளுக்கே உரிமை இல்லை என்பது எத்துணைப் பெரிய பிழை என்று இன்று எவரும் அறிவர்.

இங்கே ஒரு வினா நெஞ்சில் தைக்க வேண்டும். அன்று கதவடைத்தவர்களின் உறுதிக்கும், இன்று ஒரு கூட்டத்தில் எழுந்து "இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை, இதுதான் முறை" என்று மேசையைத் தட்டுபவரின் உறுதிக்கும் தன்மையில் என்ன வேறுபாடு? இன்று முறையென்று உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பவற்றுள், நாளை பேரப்பிள்ளைகள் நாணித் தலைகுனியக் கூடியது ஒன்றேனும் இராது என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே கோயிற் பணியாளரும் அன்பர்களும் சில எளிய பழக்கங்களை மேற்கொள்ளலாம். திருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து "ஏன்?" என்று கேட்டால், அதட்டி அமர்த்தாமல் விடை கூறலாம், விடை தெரியாவிட்டால் "தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லலாம். "தெரியவில்லை" என்று சொன்ன ஆசிரியரிடம் பிள்ளைக்கு மதிப்புக் குறைவதில்லை. தெரியாததைத் தெரிந்தது போலச் சொன்னவர் என்று பின்னாளில் கண்டுபிடிக்கும் போதுதான் மதிப்புக் குறைகிறது. அவரோடு சேர்த்துச் சமயத்தின் மதிப்பும் குறைந்து போகிறது. செயற்குழுக் கூட்டத்தில் மாற்றுக் கருத்து வந்தால், சொன்னவர் யார், எந்தக் குடும்பம், எத்தனை ஆண்டு உறுப்பினர் என்று பாராமல், சொன்ன பொருள் யாது என்று பார்க்கலாம். யார் கூறினும் அதன் மெய்ப்பொருளைத் தேர வேண்டும் என்பது வள்ளுவர் கருத்தும் ஆகும். எடுத்த முடிவு தவறென்று தெரிந்தால், அடுத்த கூட்டத்திலேயே "தவறு நேர்ந்தது, திருத்திக்கொள்கிறோம்" என்று குறிப்பேட்டில் எழுதலாம். அவ்வாறு எழுதிய குழுவை அன்பர்கள் முன்னிலும் மிகுதியாக நம்புவார்கள்.

மெய்யன்பர்களே! நாவலர் பெருமான் காத்துத் தந்த சைவ வினாவிடையும் வள்ளற்பெருமான் அருளிய பாடல்களும் இன்று ஒரே தமிழ் வீட்டின் பூசை அறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாட்டி பேரனுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுக்கிறாள். எந்தப் பிணக்கிற்காக ஏடுகள் அச்சாகி, வழக்குகள் நடந்து, நண்பர்கள் பிரிந்தார்களோ, அந்தப் பிணக்கு அவளுக்குத் தெரியாது. இரண்டும் சிவன் சொத்து என்றே அவள் எண்ணுகிறாள். அக்காலத்துப் பேரறிஞர்கள் காணத் தவறியதை அந்தப் பாட்டி எளிதாகக் கண்டுவிட்டாள்.

இன்று மாலைப் பூசை நிறைவுறும்போது, திருநீற்றுக்குக் கை நீட்டுமுன் ஒரு கணம் நின்று, சிவாசாரியார் செய்யும் அந்த விண்ணப்பத்தைக் கேட்டருள வேண்டும். அது அவருக்காக மட்டும் செய்யப்படுவதன்று. மண்டபத்தில் நிற்கும் ஒவ்வொருவர் சார்பிலும் செய்யப்படுவது. குறை நேர்ந்திருக்கலாம், பொறுத்தருள்க என்று அவர் இறைவனிடம் கூறுவதை, வீடு திரும்பிய பின் கணவன் மனைவியிடமும், தந்தை மகனிடமும், தலைவர் உறுப்பினரிடமும், ஒரு கோயிலார் மற்றொரு கோயிலாரிடமும் கூற முடியுமானால், இவ்வாண்டுத் திருவிழா பயனுடைய திருவிழாவாகும்.

முற்றும் உணர்ந்தவன் அவன் ஒருவனே. மற்றையோர் அனைவரும் உணர்த்த உணர்பவர்களே. இவ்வுண்மை எல்லோர் நெஞ்சிலும் நிலைக்க எல்லாம் வல்ல பரம்பொருள் அருள் புரிவதாக!

திருச்சிற்றம்பலம்.